வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை அடுத்த வீராம்பட்டினத்துக்கு 1990களின் கடைசியில் இணையம் ஒலிபெருக்கி வழியாக வந்தது. அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை, கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வில்லியனூரில் ஒரு கணினியில் இறக்குவார்கள். வங்காள விரிகுடாவில் இந்தக் கரைக்கு உரியதை மட்டும் பிரித்துத் தமிழில் எழுதி, வானொலி அலை மூலம் வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மையத்தில் இருப்பவர் கரையெல்லாம் கேட்கும்படி வாசிப்பார். வலையைச் சீர்செய்துகொண்டிருக்கும் மீனவருக்கு, நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்பது உட்கார்ந்த இடத்திலேயே காதில் விழும். அவர் கணினியைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியோடு 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின் ஒரு காட்சி இது. வில்லியனூர் நடுவமாக இருந்தது. ஏம்பலம், கீழூர், பூரணாங்குப்பம், வீராம்பட்டினம், நல்லவாடு முதலிய ஊர்களில் அறிவு மையங்கள் அடுத்தடுத்து வந்தன. 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே நியூயார்க் டைம்ஸ் ஏம்பலத்தைப் பற்றி விரிவாக எழுதியிருந்தது. இந்தியாவில் பிறகு வந்த ஊரக இணையத் திட்டங்கள் பலவற்றுக்கும் இந்தச் சில கிராமங்கள் ஏதோ ஒரு வகையில் முன்மாதிரி.

இன்று ஊராட்சிகள்வரை கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்லும் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டுமரத்தில் போகிறவர் மடியிலும் கைபேசி இருக்கிறது. ஆனால் ஓர் ஊருக்கு மட்டுமே உரிய தகவல், யாரோ ஒருவர் பொறுப்பேற்றுச் சரிபார்த்த தகவல், ஊரில் எவரும் கேட்டுப் பெறக்கூடிய தகவல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலான ஊர்களில் பதில் கிடைக்காது. துணை சுகாதார நிலையத்துக்குச் செவிலியர் எந்தக் கிழமை வருவார், ஏரி மதகு என்றைக்குத் திறக்கும், கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா வந்துவிட்டதா, வீட்டுத் திட்டப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது? இவற்றைத் தெரிந்துகொள்ள இன்றும் ஆள் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் புதுச்சேரியின் பழைய முயற்சியைத் திரும்ப எடுத்து எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன். அதைக் கொண்டாடி எழுதியவை நிறைய இருக்கின்றன. அது எங்கே வலுவாக இருந்தது, எங்கே உள்ளுக்குள் விரிசல் கண்டிருந்தது என்று ஒன்றாக வைத்துப் பார்த்தவை குறைவு.

அதன் முதல் வலு, கணினி வாங்குவதற்கு முன்னால் செய்த வேலை. இந்த ஊர்களில் யார் எதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று முதலில் ஆய்வு செய்தார்கள். உரக்கடைக்காரர், மளிகைக்கடைக்காரர், சந்தை, அண்டை வீடு ஆகியவைதான் தகவலின் ஊற்றுக்கண்கள் என்று தெரியவந்தது. இவர்களில் சிலர் தகவலைத் தருபவர்கள் மட்டுமல்ல, அதை வைத்துப் பிழைப்பவர்கள். பூச்சி விழுந்த பயிருக்கு என்ன அடிக்கலாம் என்று சொல்பவரும் அந்த மருந்தை விற்பவரும் ஒருவரே என்றால், அந்த அறிவுரைக்கு ஒரு சாய்வு இருக்கத்தான் செய்யும். ஆகவே மையங்களில் சேர்ந்த தகவலில் பெரும்பகுதி உலகத் தகவல் இல்லை. நெல் விலை, விதை இருப்பு, பேருந்து நேரம், அரசு மருத்துவமனையில் எந்த மருத்துவர் என்றைக்கு இருப்பார், கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண், அரசு உதவித் திட்டங்களின் விவரம், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களின் பட்டியல் என்று எல்லாமே கூப்பிடு தூரத்துச் செய்திகள். இவை எந்த இணையத்திலும் அன்று இருந்திருக்க முடியாது. ஊர்க்காரர்களே அலைந்து திரட்டி, தட்டச்சு செய்து, நடுவத்துக்கு அனுப்பினார்கள். நடுவத்திலிருந்து 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு சிறு பத்திரிகையும் அச்சாகி ஊர்களுக்குப் போனது.

கணினித் தமிழுக்கே ஒரு பொதுத் தரம் ஊன்றாத காலம் அது என்பதை மறக்கக் கூடாது. சென்னையில் தமிழிணையம் மாநாடு நடந்து விசைப்பலகைக்கு ஒரு நெறி வகுத்தது 1999இல்தான். ஓர் எழுத்துருவில் அடித்தது இன்னொரு கணினியில் பூச்சி பூச்சியாகத் தெரியும். அந்தச் சூழலில், பள்ளிப்படிப்போடு நின்றுவிட்ட கிராமத்துப் பெண்கள் நாள்தோறும் தமிழில் தகவல் தொகுத்தார்கள். தமிழ்க் கணிமை வரலாற்றில் அவர்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

தொழில்நுட்பத் தேர்விலும் தெளிவு இருந்தது. தொலைபேசி இணைப்பே அரிதாக இருந்த ஊர்களில் அதற்காகக் காத்திராமல், குரலும் தரவும் இருபுறமும் போய்வரும் வானொலிக் கருவியை வைத்தார்கள். மின்வெட்டுக்குச் சூரியத் தகடு. ஊரில் ஏற்கெனவே பழகியிருந்த ஒலிபெருக்கியே கடைசி இணைப்பு. கோயில் கொடையாகட்டும், சாவுச் செய்தியாகட்டும், ஒலிபெருக்கி சொன்னால் நின்று கேட்கும் பழக்கம் மீனவர் ஊர்களில் முன்பே உண்டு. புதிய தகவல் பழைய பழக்கத்தின் மேல் ஏறி வந்தது.

இரண்டாவது வலு ஒரு நிபந்தனை. ஊர்தான் இடம் தர வேண்டும், மின்கட்டணத்தை ஏற்க வேண்டும், ஆள் தர வேண்டும். அந்த இடத்துக்குச் சாதி பாராமல் எல்லோரும் வந்துபோக முடிய வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்ட ஊருக்குத்தான் மையம். ஏம்பலத்தில் மையம் கோயில் கட்டடத்திலேயே அமைந்தது. அந்தக் கட்டடத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒரு வாசலில் தலித்துகளுக்கும் மாதவிலக்கான பெண்களுக்கும் இடமில்லை. மற்ற வாசலில் யார் வேண்டுமானாலும் நுழையலாம்; அதுதான் கணினி இருந்த பக்கம்.

இந்த ஏற்பாட்டைப் பலர் சமூக மாற்றத்தின் அடையாளமாக எழுதினார்கள். எனக்கு அந்த அளவுக்குச் சொல்லத் துணிவில்லை. இரண்டாம் வாசல் திறந்தது உண்மை, அது சிறிய செய்தியும் அல்ல. ஆனால் முதல் வாசல் அப்படியே இருந்தது. ஒரே கூரையின் கீழ் அவமதிப்பும் அழைப்பும் அடுத்தடுத்து நிற்கும்போது, அழைக்கப்பட்டவர் எவ்வளவு தயக்கமின்றிப் படியேறுவார் என்பது, விதி என்ன சொல்கிறது என்பதைவிடப் பெரிய கேள்வி. தனியார் வீட்டில் வைத்த மையங்களில் இந்த நிபந்தனை இன்னும் தடுமாறியது. வீட்டுக்காரரின் திண்ணை எவ்வளவு அகலம் என்பதைக் கதவில் ஒட்டிய அறிவிப்பு தீர்மானிப்பதில்லை.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் 2001இல் சென்னை ஐ.ஐ.டி.யும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய இணைய மையத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஒரு தடயம் தருகிறார்கள். மையத்துக்கு வந்தவர்களில் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்களே மிகுதி. தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்கு அருகில் மையம் இருந்தால் அவர்கள் வருகை கூடியது. மையத்தை எந்தத் தெருவில் வைப்பது என்பது கட்டட வசதி பற்றிய முடிவுபோலத் தோன்றும். நம் ஊர்களில் அதுதான் முதல் அரசியல் முடிவு. ஊர்த்தெருவில் வைத்துவிட்டுச் சேரிக்கும் சேர்த்துத்தான் என்று எழுதிவைப்பதைவிட, சேரியில் வைத்துவிட்டு ஊரை அங்கே வரச் சொல்வது நேர்மையான சோதனையாக இருக்கும்.

நிபந்தனையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றால், ஊர் என்பது யார்? புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. மையம் அமைந்த ஊர்களில் ஒன்றான கீழூரில்தான் 1954 அக்டோபரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். ஒரு நிலப்பரப்பின் தலைவிதியை வாக்கால் முடிவுசெய்த அந்த ஊருக்கு, 1998இல் தன் தெருவிளக்குக்குப் பொறுப்பான ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை. ஆகவே ஊர் சார்பில் பேசியவர்கள் கோயில் நிர்வாகிகளும், பெரிய வீட்டுக்காரர்களும், கடற்கரையில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தாரும். கடற்கரைப் பஞ்சாயத்துக்குக் கட்டுக்கோப்பு உண்டு, ஒரு சொல் சொன்னால் ஊர் நிற்கும். ஆனால் அதில் உட்காருகிறவர்கள் ஆண்கள். மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு அங்கே இடம் இல்லை. ஐஸ் விலை என்ன, எந்தச் சந்தையில் மீனுக்கு என்ன விலை என்பது அவர்களுக்கு வேண்டிய தகவல். அலை உயரத்தோடு அதற்கும் சம இடம் கேட்க, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம் இல்லை. திட்டத்தை நடத்தியவர்கள் நல்லெண்ணத்தோடு கேட்டறிந்து சேர்த்தார்கள் என்பது வேறு. நல்லெண்ணம் ஆள் மாறினால் மாறிவிடும்.

இந்த வலையின் உயிர் வில்லியனூர்க் கணினியிலோ வானொலிக் கருவியிலோ இருக்கவில்லை. காலையில் மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பி விலை கேட்டு, மருத்துவமனைக்குப் போன் போட்டு, வந்த செய்தி சரியா என்று இன்னொருவரிடம் விசாரித்து, பிறகு மைக்கைப் பிடித்த மனிதர்களிடம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பயிற்சி கிடைத்தது, மதிப்புக் கிடைத்தது, சிலருக்கு அடுத்த வேலைக்கு அது படியாகவும் இருந்தது. ஆனால் செய்த வேலையின் பெயர் தொண்டு. ஊருக்குச் சொந்தம் என்ற உணர்வு வர வேண்டுமானால் ஊரே ஆள் தர வேண்டும் என்பது திட்டத்தின் கொள்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவிக்கு விலை உண்டு, மின்சாரத்துக்குக் கட்டணம் உண்டு, ஆய்வாளருக்குச் சம்பளம் உண்டு. இந்த மூன்றையும் பயனுள்ளதாக்குகிறவருக்கு மட்டும் ஊதியம் இல்லை என்பதை எந்தக் கொள்கையும் நியாயப்படுத்தாது.

தமிழ் ஊர்களில் இது புதிதும் அல்ல. செய்தி சொல்லும் வேலை வெகுகாலம் தண்டோரா போடுகிறவரிடம் இருந்தது. அது சாதியால் சுமத்தப்பட்ட வேலை. படிக்கூலி கிடைக்கும், மரியாதை கிடைக்காது. தமிழ்நாடு அரசு அந்த வழக்கத்தை நிறுத்தி, ஒலிபெருக்கி கட்டிய வாகனங்களைப் பயன்படுத்தச் சொன்னது 2022 ஆகஸ்டில். அவ்வளவு பிந்தி! பறையடித்தவரின் இடத்தில் தொண்டர் வந்தபோது இழிவு போயிற்று, மதிப்பு வந்தது. அது பெரிய மாற்றம். ஆனால் ஊருக்குச் செய்தி சொல்வது கூலி பேசத்தக்க தொழில் இல்லை என்ற எண்ணம் மட்டும் கைமாறி வந்துவிட்டது. பேரம் பேச வலுவில்லாதவர்கள் தலையிலேயே அந்த வேலை இரண்டு முறையும் விழுந்தது.

2004 டிசம்பர் 26 பற்றிச் சொல்லாமல் இந்தத் திட்டத்தைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்ததும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் ஊருக்குள் ஏறுகிறது என்று வீட்டார் சொல்ல, உடனே எல்லோரையும் வெளியேறச் சொன்னார். ஊர்க்காரர்கள் பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் தப்பினார்கள். இணையம் ஒரு ஊரைக் காப்பாற்றிய கதை என்று இது உலகெங்கும் சொல்லப்பட்டது.

கதையை நிதானமாகப் பார்த்தால் அதில் இணையம் இல்லை. எச்சரிக்கை வந்தது ஒரு தொலைபேசியில், கடல் கடந்து வேலைக்குப் போன ஒருவரின் பதற்றத்தில். அன்று இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது; ஐதராபாத்தில் அது அமைந்தது 2007இல். அப்படியானால் அறிவு மையம் என்னதான் செய்தது? ஆண்டுக்கணக்காக ஒவ்வொரு நாளும் கடல் நிலையைச் சொல்லி, அந்தக் கருவியிலிருந்து வரும் குரலை நம்பலாம் என்று ஊருக்குப் பழக்கியிருந்தது. ஏன், எதற்கு என்று விவாதிக்க நேரமில்லாத அந்தச் சில நிமிடங்களில் ஊர் எழுந்து ஓடியது அந்தப் பழக்கத்தால். தகவல் வலை சேர்த்துவைக்கிற மூலதனம் இதுதான். எத்தனை பேர் கணினியைத் தொட்டார்கள் என்று எண்ணுகிற எந்த அறிக்கையிலும் அது வராது.

அதே காட்சியில் குறையும் இருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மையம் பூட்டியிருந்தது. கடைசி நிமிடத்தில் கதவை உடைக்க வேண்டிவந்தது. எல்லா நேரமும் ஆள் இருக்க ஏற்பாடு இல்லாத எச்சரிக்கை மையம், பாதி நேரம் எச்சரிக்கை மையம் இல்லை. முறைவைத்து ஆள் போட வேண்டுமானால் சம்பளம் கொடுக்க வேண்டும். தொண்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வா என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

பணம்தான் இந்த முயற்சியின் பெரிய ஊனம். வெளிநாட்டு ஆய்வு நிதியில் பிறந்தது, ஆய்வுக் காலத்துக்குள் உயிரோடு இருந்தது. நிதி தருபவர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி, இது எப்போது தன் காலில் நிற்கும் என்பது. அந்தக் கேள்வியே தவறு என்பது என் கருத்து. ஊர் நூலகத்தையும் குடிநீர்த் தொட்டியையும் பார்த்து எப்போது லாபம் தருவாய் என்று நாம் கேட்பதில்லை. ஆனால் தகவல் மையத்தைக் கேட்டார்கள். மேலூர்த் திட்டம் அந்தக் கேள்விக்கு ஒப்புக்கொடுத்த பதில். அங்கே மையங்களில் பலவற்றை அந்தந்த ஊர்க்காரர் ஒருவர் கடன் வாங்கித் தம் தொழிலாக நடத்தினார். மின்னஞ்சல், கணினி வகுப்பு, அரசு விண்ணப்பம், அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணைப் படமெடுத்து அனுப்புவது என்று நல்ல சேவைகள் இருந்தன. சில ஆண்டுகளில் அப்படித் தனியார் நடத்திய மையங்களில் பெரும்பகுதி மூடிவிட்டது. வருமானம் கட்டவில்லை, கருவி பழுதானால் பார்க்க ஆளில்லை, அரசு அலுவலகங்கள் கொடுத்த ஒத்துழைப்பு அதிகாரி மாறியதும் தேய்ந்தது. கிராமத்துக் கேள்விகளில் விலைபோகக்கூடியவை கொஞ்சம். விலைபோகாதவையே மிச்சமெல்லாம்.

2006இல் மத்திய அரசு ஒரு லட்சம் பொதுச்சேவை மையங்களுக்கு ஒப்புதல் தந்தபோது, புதுச்சேரியில் முளைத்த எண்ணம் நாடு தழுவியதாகத் தோன்றியது. இன்றைய இ-சேவை மையங்கள் அந்த வரிசையில் வருபவை. அவற்றின் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் தாலுகா அலுவலகத்தில் நாளைத் தொலைத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் பெருகும்போது ஒன்று கழன்றுவிட்டது. இ-சேவை மையத்தின் வருவாய் விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று வருகிறது. விதவை உதவித்தொகைக்கு நான் தகுதியா என்று ஒரு பெண் வந்து கேட்டால், அதற்குப் பொறுமையாகப் பத்து நிமிடம் விளக்கினால், நடத்துகிறவருக்கு ஒரு காசும் இல்லை. நாளைய பேருந்து நேரத்தைத் திரட்டி வைத்தாலும் இல்லை. ஆகவே தகவல் மேலிருந்து கீழே வருகிறது, விண்ணப்பம் கீழிருந்து மேலே போகிறது. ஊருக்குள்ளேயே பக்கவாட்டில் ஓட வேண்டியது ஓடுவதில்லை. புதுச்சேரி முயற்சியின் கட்டடத்தை எடுத்துக்கொண்டு, அதன் காலை நேரத்து விசாரணையை விட்டுவிட்டோம்.

அந்த வெற்றிடத்தை வாட்ஸ்அப் குழுக்கள் நிரப்பியிருக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் ஊர்ப் பெயரில் ஒன்றிரண்டு குழு, கட்சிக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று. தண்ணீர் வராத சேதியும் காணாமல்போன மாட்டின் படமும் அங்கே நொடியில் போய்ச் சேர்கின்றன. வேகத்தில் வில்லியனூர் இதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பது நிர்வாகி ஒருவரின் விரலில் இருக்கிறது. ஏம்பலத்துக் கோயிலின் முதல் வாசல் கண்ணுக்குத் தெரியாமல் கைபேசிக்குள் வந்துவிட்டது. நேற்றைய செய்தி இன்று மேலே உருண்டுபோய்விடுவதால் எதையும் தேடி எடுக்க முடியாது. எல்லாவற்றையும்விட, தவறான சேதிக்கு யாரும் பொறுப்பில்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி வட மாவட்டங்களில் கைபேசி கைபேசியாகப் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியை ஊர் கூடி அடித்துக் கொன்றது.

அந்த வதந்தியை யாராவது ஒலிபெருக்கியில் சொல்லியிருக்க முடியுமா? முடிந்திருக்கும். ஆனால் ஒலிபெருக்கியில் பேசுகிறவரின் குரல் ஊருக்குத் தெரியும். சொன்னது பொய்யானால் மறுநாள் அவர் தெருவில் நடக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைக் கேட்கிறார்கள், அப்படி ஏதும் இல்லையே என்று ஒருவர் எழுந்து சொல்லவும் இடம் இருக்கிறது. பொதுத் தகவலின் முதல் இலக்கணம் இந்தப் பகிரங்கத் தன்மைதான். தனித்தனிக் கைகளுக்குள் போய்ச் சேரும் சேதிக்கு அது கிடையாது, அனுப்பியவர் நல்லவரே ஆனாலும்.

கைபேசியை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒலிபெருக்கியின் எல்லை கரையோடு முடிகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் மூண்டபோது, தூத்தூர் பகுதி ஆழ்கடல் மீனவர்கள் ஏற்கெனவே நாள் கணக்கில் கடலுக்குள் இருந்தார்கள். கரையில் எத்தனை முறை அறிவித்திருந்தாலும் அவர்கள் காதில் விழுந்திருக்காது. கைபேசிக் கோபுரமும் அவ்வளவு தூரம் எட்டாது. செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி என்ற கருவி வந்தது 2019இல். உயிர்களை விலையாகக் கொடுத்த பிறகு. சுவாமிநாதன் நிறுவனமே பின்னாளில் மீனவர்களுக்கென்று கைபேசிச் செயலி உருவாக்கியது. பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி மீனவர் பேச்சிலேயே ஒலிக்கிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பிரித்தறிகிற, நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தைப் பார்த்து வலையை இறக்குகிற மக்களிடம் மீட்டர் கணக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்த அறிவும் இந்த அளவையும் ஒரே வாக்கியத்தில் சேர வேண்டும். அதை ஊர்க்காரர் ஒருவர்தான் செய்ய முடியும். எந்தச் செயலியும் அவர் இடத்தை எடுத்துக்கொள்ளாது என்றே நம்புகிறேன்.

எதைப் பொதுவில் வைப்பது என்பதிலும் பழைய முயற்சியை அப்படியே பின்பற்ற முடியாது. வறுமைக் கோட்டுப் பட்டியல் மையத்துக் கணினியில் இருந்தது அன்று பெரிய விடுதலை. தகுதியில்லாதவர் பெயர் எப்படி ஏறியது என்று கேட்க அது வழி செய்தது. கதவுக்குப் பின்னால் ஓர் எழுத்தர் வைத்திருந்த அதிகாரத்தைக் கொஞ்சம் பறித்தது. இன்று அதே பட்டியல் ஆதார் எண்ணோடும் வங்கிக் கணக்கோடும் கைபேசி எண்ணோடும் பிணைந்திருக்கிறது. அதை அப்படியே இணையத்தில் போட்டால் ஏமாற்றுக்காரர்களுக்கு விருந்து. பெயரும் திட்டமும் தொகையும் ஊருக்குத் தெரியட்டும். எண்கள் எதுவும் வேண்டாம். எச்.ஐ.வி. சிகிச்சை, கருக்கலைப்பு, மனநல மருத்துவம் போன்றவற்றின் பயனாளிகள் பெயர் எந்த வடிவிலும் வெளியே வரக் கூடாது. இந்தக் கோட்டை மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு வரைய முடியாது. யார் பெயர் வெளியே வந்தால் யாருக்கு ஆபத்து என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.

தமிழ்நாட்டின் 12,000க்கு மேற்பட்ட ஊராட்சிகளில் இதைச் செய்ய இன்று புதிய சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவு, யாரும் கேட்பதற்கு முன்பே தகவலை வெளியிடும் கடமையை ஒவ்வொரு பொது அமைப்புக்கும் வைத்திருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. ஊராட்சிக்கு ஒரு தகவலாளர், முழு ஊதியத்தோடு, கூடுமானவரை அந்த ஊர்ப் பெண் என்று ஒரு பணியிடம் ஏற்படுத்தலாம். நாளும் திரட்டுவதை இணையத்தில் ஏற்றி, ஒலிபெருக்கியில் சொல்லி, சுவரில் எழுதிவைப்பது அவர் வேலை. எதைத் திரட்டுவது, எதை வெளியிடக் கூடாது, மையம் எந்தத் தெருவில் இருப்பது என்பதைக் கிராம சபை தீர்மானிக்கட்டும். தவறான தகவல் போனால் அதே சபையில் அவரைக் கேள்வி கேட்கட்டும். தலைவர் மாறினாலும் அவரை விருப்பத்துக்கு நீக்க முடியாதபடி பணிப் பாதுகாப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் தலைவரின் புகழ்பாடும் ஒலிபெருக்கிதான் மிஞ்சும். செலவு ஒரு சம்பளம். ஊராட்சிக்கு இழுத்த கண்ணாடி இழைக்குப் பக்கத்தில் அது சிறு தொகை. ஆனால் கம்பிக்குக் கிடைக்கும் மூலதன ஒதுக்கீடு மனிதருக்குக் கிடைப்பதில்லை, நம் வரவுசெலவுத் திட்டங்களில் கருவி சொத்தாகவும் ஆள் செலவாகவும் எழுதப்படுவதால்.

புதுச்சேரியில் இதைக் கேட்கக்கூட முடியாது. 2006இல் 38 ஆண்டுகளுக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு பல்லாண்டுகளாகத் தேர்தல் நடத்தப்படவில்லை. ஊர்த் தகவல் வலைக்கு நாட்டுக்கே வழிகாட்டிய அந்தக் கிராமங்களில், அதை ஏற்று நடத்து என்று கேட்பதற்கும், ஏன் நடத்தவில்லை என்று கேட்பதற்கும், மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.